சல்லடையில் கூடிய எடை

மார்ச் 4

சின்னவளுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். இங்கே எல்லோரும் நலம். நான் உனக்கு எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த நிமிடமே உனக்குப் போன் போட்டு, "இவ என்னமோ சொல்றாளே, நிஜமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் வாயில் எதுவும் தங்காது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

நாமே போனில் பேசிக்கொள்ளலாம்தான். ஆனால் நாம் இருவரும் போனில் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டி எப்போது பேசியிருக்கிறோம்? தவிர, சொல்லப்போகும் விஷயம் உன் போன், உன் லேப்டாப் இவற்றின் வழியாக வர வேண்டாம் என்று தோன்றுகிறது. ஏன் என்று படித்தால் புரியும்.

என் வேலையை நீ "வாசல் காவல்" என்று கேலி செய்வாய். அதே வேலைதான் இப்போதும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளுக்கு எங்கள் கம்பெனி புரோகிராம் எழுதுகிறது. இங்கிருக்கும் டெவலப்பர்களுக்கு வாரம் ஒரு புதுக் கருவி வேண்டும். ஒன்று வேலையைப் பாதியாக்கும் என்பார்கள், இன்னொன்று நிரலைத் தானே எழுதும் என்பார்கள். எல்லாம் முதலில் என் அறைக்கு வரும். ஜன்னல் இல்லாத அறை, இன்டர்நெட் இல்லாத மெஷின்கள். அங்கே ஓடவிட்டுப் பார்த்து, ஆகும் ஆகாது என்று எழுதிக் கொடுப்பேன்.

போன வாரம் வந்தது உன் சல்லடையின் புது வெர்ஷன்.

நீ பெற்ற பிள்ளையை உனக்கே அறிமுகம் செய்வது வேடிக்கைதான். ஆனாலும் நான் அதனிடம் என்ன எதிர்பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். டெவலப்பர் எழுதிய நிரலைச் சலித்து, தப்பு இருக்கும் இடத்தை அது காட்டும். நிரலில் கைவைக்காது. அதனால் பழைய சல்லடையில் சலித்தாலும் புதியதில் சலித்தாலும் கடைசியில் உருவாகும் பம்பு புரோகிராம் ஒரே அளவில் இருக்க வேண்டும். புதியதில் சலித்தபோது கொஞ்சம் எடை கூடியிருந்தது. சலித்த மாவு எப்படி எடை கூடும்?

என் தவறாக இருக்கும் என்று மறுபடி செய்தேன். டெவலப்பர்களின் சாதாரண மெஷினில் ஓட்டினால் கூடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் புரோகிராமைத் தயாரிக்கும் மெஷின் ஒன்று உண்டு. என் அறையில் அதே அமைப்பில் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ஓட்டினால் மட்டும் கூடுகிறது. ஆள் பார்த்து நடிக்கும் கருவி இது. இந்த வேலையில் இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கூடிய அந்தத் துண்டு என்ன செய்யும் என்று தெரியவில்லை. இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது. எதற்கோ காத்துக்கொண்டு கிடக்கிறது.

நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதை நீ வைத்தாயா? நீ இல்லையென்றால் யார் வைத்திருக்க முடியும்?

மேனேஜர் ரிப்போர்ட் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் எழுதவில்லை. ஆகாது என்று எழுதினால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் முதலில் அடிபடுவது உன் பெயர். உன்னைக் கேட்காமல் அதைச் செய்ய மனம் வரவில்லை. தாளிலேயே பதில் எழுது.

உன் அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

பாப்பா பிறந்தபோது எனக்கு இரண்டு வரி மெசேஜ் அனுப்பினீர்கள். இப்போது பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நான் நோயாளிகளுக்குக் குழி தோண்டுகிறேனா என்று கேட்பதற்கு.

நான் வைக்கவில்லை. போதுமா?

சல்லடையின் நிரலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அப்படித்தான் அதை வைத்திருக்கிறேன். நல்ல வேலையை விட்டுவிட்டு இலவசமாக ஊருக்கு உழைக்கிறாள் என்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்னைப் பற்றிப் பேச்சு நடந்தது எனக்குத் தெரியும். அந்த உழைப்பைத்தான் உங்கள் கம்பெனியும் ஒரு பைசா கொடுக்காமல் இத்தனை காலம் வைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வரியையும் நான் படித்திருக்கிறேன். அணிலும் படித்திருக்கிறார்.

அணில் யார் என்று கேட்பீர்கள். எனக்கும் முழுதாகத் தெரியாது. முதலில் எழுத்துப்பிழை திருத்தி அனுப்பினார். அப்புறம் சின்னச் சின்ன வேலைகள். பெயர் சொல்லவில்லை. துளித் துளியாக மண் சுமந்து உதவுகிறாரே என்று நான்தான் விளையாட்டாக அணில் என்று கூப்பிட்டேன். அவர் அதையே தன் பெயராக வைத்துக்கொண்டார். பாப்பாவுக்கு இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தோமே, இவரும் கப்பலில் இருந்தார், அப்போது எங்கள் வீட்டு வாசலை மிதித்த சொந்தக்காரர் யார்? அணில்தான் தினமும் கேட்டார். "நீங்க பாப்பாவைப் பாருங்க, பேக்கிங்கை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் எழுதியதைக் கட்டி, மூட்டையாக்கி, எல்லோரும் டவுன்லோட் செய்யும் களஞ்சியத்தில் ஏற்றும் வேலை அது. அன்றிலிருந்து அவர்தான் செய்கிறார். முகம் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் உங்களைவிட எனக்கு நெருக்கம்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வீடியோவில் வரிக்கு வரி வாசித்துக் காட்டினேன். இவர், "அண்ணி சும்மா எதையும் சொல்ல மாட்டாங்களே" என்றார். கடலில் இருக்கிற ஆளிடம் கத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் மெஷினைச் சரிபாருங்கள். ரிப்போர்ட்டை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னவள்


மார்ச் 11

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அலுவலகத்தில் ஒன்று நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மேனேஜர் கூப்பிட்டார். எதற்கும் "சரி சரி" என்பார் என்பதால் அவருக்கு அதுதான் எங்களிடையே பெயர். அன்று அதைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "சல்லடையை உருவாக்கினவங்க உங்க நாத்தனாரா?" என்றார்.

"ஆமா சார்."

"ஏன் சொல்லலை?"

சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பெயரில்லாத ஒரு மெயில். மிக மரியாதையான மொழி. உங்கள் கம்பெனியில் கருவிகளை மதிப்பிடும் பெண்மணி குடும்பப் பகையைத் தீர்த்துக்கொள்ள ஒரு நல்ல கருவியை நிறுத்திவைத்திருக்கிறார் என்று ஆரம்பித்தது. நடுவில் ஒரு வரி: "இதை ஆள் பார்த்து நடிக்கும் கருவி என்று அவர் சொல்லித் திரிகிறார்."

அந்தச் சொற்களை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும்தான் எழுதினேன். பேனாவால், தாளில்.

எடை கூடியதை அவரிடம் சொன்னேன். இனி என் பேச்சு எப்படி எடுபடும்? மதிப்பிடும் வேலையை என் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் அவசரக் குடுக்கை. தன் சொந்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எடை எல்லாம் சரியா இருக்கே மேடம், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்" என்று சிரித்தார். லேப்டாப்பில் கூடாது என்றுதானே நான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். என் அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். வருகிற இருபத்தோராம் தேதி புதுச் சல்லடையைத் தயாரிப்பு மெஷினில் ஏற்றுகிறார்கள். அதற்கு மறுவாரம் அங்கிருந்து கிளம்பும் புரோகிராம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்.

என் கடிதத்தை யாரிடம் காட்டினாய்? அணிலிடம் காட்டினாயா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

நேற்று பஸ்ஸில் பின் சீட்டில் இருந்தவர் போனை உயர்த்திப் பிடித்தார். வழியில் எதையோ படம் எடுத்திருப்பார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மீதி தூரம் நடந்தேன். வீட்டு லேப்டாப் கேமராவின் மேல் டேப் ஒட்டியிருக்கிறேன். உன் அண்ணன், "இது எதுக்கு?" என்றார். தூசி படியாமல் இருக்க என்றேன். நம்பிவிட்டார்.

உன் அண்ணி


மார்ச் 14

அண்ணி,

நான் யாரிடமும் காட்டவில்லை. வாசித்தேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இவரோடு பேசினேன். கோபத்தில் உங்கள் கடிதத்தைச் சத்தமாக, உங்கள் குரலிலேயே நடித்து வாசித்தேன். ஆள் பார்த்து நடிக்கும் கருவி என்ற இடத்தில் உங்களைப் போலவே புருவத்தைத் தூக்கினேன். இவர் சிரித்தார். அந்த அறையில் நானும் பாப்பாவும்தான் இருந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அணில், "பாப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று எழுதியிருந்தார். நான் பரவாயில்லை, குறைந்திருக்கிறது என்று பதில் போட்டேன். வேறு ஏதோ பேச்சுக்கும் போய்விட்டேன். இப்போதுதான் உறைக்கிறது. இருமல் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. முந்தின நாள் இவரிடம் மட்டும்தான் சொன்னேன், அதே மேஜையில், அதே லேப்டாப் முன்னால். வேலையை எளிதாக்கும் என்று போன வருடம் அணில் எனக்கு ஒரு சின்னக் கருவி கொடுத்திருந்தார். நான் அதை நீங்கள் செய்வதுபோல் ஜன்னலில்லாத அறையில் வைத்துப் பார்க்கவில்லை. அணில் கொடுத்தது என்று நேராகப் போட்டுக்கொண்டேன். அதன் வழியாகத்தான் லேப்டாப் கேட்டதெல்லாம் அவருக்குப் போயிருக்க வேண்டும்.

லேப்டாப்பை மூடி, போர்வையில் சுற்றி, துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டிய பிறகு அதுவும் தப்பு என்று பட்டது. திடீரென்று நான் காணாமல் போனால் அவருக்குத் தெரிந்துவிடுமே. திரும்ப எடுத்து மேஜையில் வைத்தேன். இப்போது என் வீட்டிலேயே நான் நடித்துக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் விழுந்தால்கூட இதையும் கேட்டிருப்பாரோ என்று இருக்கிறது. பாப்பா பாடிக்கொண்டே வந்தாள். "மெதுவாப் பாடுடா கண்ணு" என்றேன். "ஏம்மா, யார் தூங்கறாங்க?" என்று கேட்டாள்.

அவருக்கு என் விலாசம் தெரியும். பாப்பாவின் பள்ளி தெரியும். இவர் எந்தக் கப்பலில் இருக்கிறார், எப்போது திரும்புவார், எல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் நானே சொன்னேன். அவரும் ஒன்றையும் மறக்கவில்லை. இவ்வளவு நினைவு வைத்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இதைக் கீழ்த்தளத்தில் இருக்கும் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், காத்திருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே டிரில் ஓடும் சத்தம் கேட்கிறது. அது இப்போது எனக்குத் தெம்பாக இருக்கிறது.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

சின்னவள்


மார்ச் 16

சின்னவளுக்கு,

கோபப்பட நேரமில்லை. பிறகு சாவகாசமாகப் படலாம்.

உன் நிரல் சுத்தம் என்கிறாய். நான் நம்புகிறேன். இங்கே வந்த மூட்டையில் அழுக்கு இருக்கிறது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இரண்டும் உண்மையென்றால் அழுக்கு சேர்ந்தது மூட்டை கட்டும் இடத்தில்தான். நிரலைத்தான் எல்லோரும் திறந்து படிக்கிறார்கள். கட்டிய மூட்டையை யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை, நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் கைபடாத, உன் வீட்டு இன்டர்நெட் தொடாத ஒரு மெஷினைப் பிடி. அதில் நீயே மூட்டை கட்டு. அணில் கட்டியதோடு ஒப்பிடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் நான் முட்டாள். உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். வேறாக இருந்தால், வேறு யாருடைய போனிலிருந்தாவது களஞ்சியத்தை நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு முதலில் பூட்டச் சொல். ஊருக்கு அறிவிப்பது அதற்குப் பிறகுதான். சாவி அவரிடமும் இருக்கிறது, முந்திக்கொண்டால் உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "பாப்பா தனியா இருக்காளே" என்று மட்டும் சொன்னார். உன்னைச் சொல்கிறாரா உன் மகளைச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. உனக்கு இன்னும் போன் போடவில்லை, கவனித்தாயா? கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக ஒரு விஷயத்தை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைக் கொரியரில் போடவில்லை, அவர்தான் கொண்டுவருகிறார். சும்மா பார்க்க வந்தவர் போல வந்து உட்காருவார். லேப்டாப் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம். வழக்கமாகப் போடும் சண்டையைப் போடு, சந்தேகம் வராது.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு மேனேஜரிடம் மறுபடி போகப்போகிறேன். இந்த முறை அவர் மேலதிகாரியையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுவேன்.

உன் அண்ணி


மார்ச் 20

அண்ணி,

முடிந்தது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அண்ணன் வந்தார், நான் கதவைத் திறந்ததுமே, "வீட்டை எப்படி வச்சிருக்கே பாரு" என்று ஆரம்பித்தார். நடிப்பா நிஜமா என்று தெரியவில்லை, நன்றாகவே இருந்தது. பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பும்போது உங்கள் கடிதத்தை என் கையில் திணித்தார்.

டாக்டரம்மாவிடம் ரிசப்ஷன் கம்ப்யூட்டரைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "ஒரு மூட்டையைக் கட்டிப் பாக்கணும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பேஷண்ட் லிஸ்டை மட்டும் அழிச்சிடாதீங்க" என்று சொல்லி நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். வாயில் பஞ்சு வைத்த ஒரு பெரியவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, சல்லடையைக் கட்டினேன். நானே கட்டிப் பல காலமாகிறது. கட்டளைகள் மறந்திருந்தன. நான் பெற்றதற்கு எனக்கே வழி தெரியவில்லை.

இரண்டும் வேறு, அண்ணி. அணில் கட்டியது கனமாக இருந்தது. அணில் மூட்டை கட்ட ஆரம்பித்ததிலிருந்து வந்த எல்லாவற்றையும் எடுத்து ஒப்பிட்டேன். முதலில் வந்தவை சரியாக இருந்தன. கடைசி ஒன்றில்தான் கூடியிருக்கிறது. இத்தனை காலமும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த ஒன்றுக்காக.

டாக்டரம்மாவின் போனிலிருந்து களஞ்சியத்துக்குப் பேசினேன். எடுத்த பெண், "நீங்கதான் சல்லடையோட சொந்தக்காரர்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அணிலிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. இரண்டு மூட்டைகளையும் எப்படி ஒப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்தேன். என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள் என்றேன். போனை வைக்காமல் செய்து பார்த்தாள். பிறகு, "பூட்டிட்டேன்" என்றாள். குரல் மாறியிருந்தது.

அறிவிப்பை நானே எழுதினேன். சாவியை முகம் தெரியாதவருக்குக் கொடுத்தது நான், என் பெயர் இது, புது வெர்ஷனை யாரும் தொட வேண்டாம், தொட்டவர்கள் உடனே எடுத்துவிடுங்கள் என்று போட்டேன். திட்டு மழைபோல வந்துகொண்டிருக்கிறது. விற்றுவிட்டாள் என்கிறார்கள். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கிறார்கள்.

மாடிக்கு வந்தபோது லேப்டாப் மேஜையில் திறந்தே இருந்தது. அணிலிடமிருந்து ஒரே ஒரு வரி.

"பாப்பாவைப் பத்திரமாப் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் அழிந்தது. பழைய பேச்சுகள் எல்லாம் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே போயின. கடைசியில் நான் எழுதியவை மட்டும் மிஞ்சின, யாரிடமோ தனியாகப் பேசிக்கொண்டிருந்ததுபோல.

அந்த வரியை அக்கறையாகச் சொன்னாரா மிரட்டினாரா? அண்ணன் மிரட்டல்தான் என்கிறார். பாப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை.

சின்னவள்


மார்ச் 27

சின்னவளுக்கு,

மேலதிகாரி மூன்று நாள் அலையவிட்டு அன்றைக்குத்தான் நேரம் கொடுத்தார், உன் அறிவிப்பு வந்த நேரம் நான் அவர் அறையில்தான் இருந்தேன். அவர் பாதி கேட்டுக்கொண்டும் பாதி போனைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். திடீரென்று நிமிர்ந்து போனை மேனேஜர் பக்கம் திருப்பினார். மேனேஜர் எழுந்து வெளியே ஓடினார். அவசரக் குடுக்கை ஒரு நாள் முன்னதாகவே எல்லாம் தயார் என்று தயாரிப்பு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அவர் கையைப் பிடித்து இழுத்ததாகச் சொல்கிறார்கள். நல்லவேளை, ஏற்றவில்லை.

அதன்பிறகு என் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டை எங்கள் ஆட்களோடு சேர்ந்து பிரித்தோம். அது ஒரு கதவு. வெளியிலிருந்து ஒருவர் தட்டினால் திறந்து, அவர் சொல்வதைக் கேட்கும். சோதனைப் பம்பு ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அந்தக் கதவு வழியாக வேகத்தைக் கூட்டச் சொல்லிப் பார்த்தோம். சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் ஒழுகியது. திரையில் பழைய எண்ணே இருந்தது, அசையவில்லை. பக்கத்தில் எந்த நர்ஸ் நின்றாலும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அடுத்த படுக்கைக்குப் போயிருப்பாள். அவசரக் குடுக்கை சுவரைப் பார்த்து நின்றார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எங்கள் பம்புதான்.

விசாரணை அதிகாரிகள் இருவர் வந்தார்கள். உன்னிடமும் வருவார்கள், தயாராக இரு. அவர்களுக்கு அணில் என்று ஒருவர் இருப்பதாகவே நம்பிக்கை இல்லை. அணில் எழுதியதெல்லாம் அழிந்துவிட்டது, முகம் இல்லை, பெயர் இல்லை. நீயே இரண்டு பெயரில் எழுதியிருக்கலாமே என்கிறார்கள். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு அறிவித்திருக்கலாமே என்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு வந்த பயம், அந்த மெயிலைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

அதிகாரியம்மா சொன்னார், "நீங்களும் ஆரம்பத்துல மறைச்சீங்க. இப்பவும் உறவுக்காரங்களைக் காப்பாத்தப் பாக்குறீங்க."

நான் சொன்னேன்: "மறைச்சது தப்புதான், அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா எனக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு எங்க குடும்பத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அவளைக் காப்பாத்தப் பொய் சொல்ற அளவுக்கு எனக்கு அவ மேல பிரியம் கிடையாது. அந்த நான் சொல்றேன், அவ செய்யலை."

அவர் எழுதிக்கொண்டார். அதில் ஒரு வாக்கியம் உண்மை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வேலையில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டேன். நீயும் பாப்பாவும் உன் அண்ணனோடு இங்கே வந்துவிடுங்கள். முன்னறையை ஒழித்துவைத்திருக்கிறேன். உனக்கு என் சமையல் பிடிக்காது என்று தெரியும், சமாளித்துக்கொள்.

உன் அண்ணி


மே 30

அண்ணி,

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இவர் கப்பலை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்கு வந்து எல்லாப் பூட்டுகளையும் மாற்றிவிட்டார். பாப்பா உங்கள் வீட்டு முன்னறையைக் கேட்டு அழுகிறாள். நான் அழவில்லை, ஆனால் உங்கள் சமையலை இனி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நேற்று விசாரணை அதிகாரியம்மா கூப்பிட்டார். என்மேல் சந்தேகம் இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். என்னைப் போலத் தனியாளாக இலவசக் கருவி நடத்தும் வேறு சிலரும் என் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தங்கள் மூட்டைகளை அவிழ்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு அணில் இருந்திருக்கிறார். வேறு பெயர், அதே பொறுமை. ஒருவருடைய அப்பாவின் கண் ஆபரேஷனை அன்றாடம் விசாரித்தாராம். அவர்களிடம் அழியாமல் கிடைத்த பேச்சுகளை வைத்துப் பார்த்தால் எழுதியது ஒரே ஆளாக இருக்க முடியாது, ஒரு கூட்டமே முறைவைத்து எழுதியிருக்கிறது என்றார். போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். காலையில் பேசிய அணில் வேடிக்கையாகப் பேசுவார். சாயங்காலம் பேசியவருக்கு வேடிக்கையே வராது. களைப்பாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இருமலைப் பற்றிக் கேட்டது அவர்களில் யார்? கடைசி வரியை எழுதியது யார்? பிடிபடவில்லை, பிடிபடுவார்கள் என்றும் தோன்றவில்லை.

சல்லடையை மறுபடி திறந்திருக்கிறேன். இனி மூட்டை கட்டுவது நான் மட்டும். கட்டியதை உங்கள் ஜன்னலில்லாத அறையில் நீங்கள் அவிழ்த்துப் பார்த்தபிறகுதான் ஏற்றுவேன், அதற்கு உங்கள் மேனேஜரும் சரி சரி என்றுவிட்டாரே.

இன்று ஒன்று நடந்தது. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். ஒரே ஒரு வரி. நான் கவனிக்காமல் விட்ட பிழை. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன், உங்களைப் போலவே எடை போட்டும் பார்த்தேன். சரியான திருத்தம். ஆனாலும் ஏற்றுக்கொள்ளும் பொத்தானுக்குக் கை போகவில்லை. நீங்கள் யார், எந்த ஊர், ஏன் உதவுகிறீர்கள், வீடியோவில் முகத்தைக் காட்டுவீர்களா என்று கேட்டு எழுதினேன். திருப்பிப் படித்தபோது காவல் நிலையத்தில் கேட்பதுபோல இருந்தது. அப்படியே அனுப்பினேன்.

மதியம் பதில் வந்தது. "தொந்தரவுக்கு மன்னிக்கவும். படிக்கிறேன், உங்கள் கருவியில்தான் கற்றுக்கொண்டேன், அதனால் அனுப்பினேன்." திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு நான் எழுதியது போய்ச் சேரவில்லை. கணக்கையே மூடிவிட்டார்.

ஏமாற்ற வந்தவர் கேள்வி கேட்டதும் ஓடிவிட்டார் என்று இவர் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம். எது என்று எனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை, அண்ணி. முன்பு கெட்டவரை நல்லவர் என்று நினைத்துவிடுவேனோ என்று பயப்படவே தெரியாமல் இருந்தேன். இப்போது நல்லவரைக் கெட்டவர் என்று விரட்டிவிட்டேனோ என்ற பயம்.

அந்தப் பிழையை நானே என் கையால் திருத்தினேன். திருத்தியவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தேன். பாப்பா வந்து, "சாப்பிட வாம்மா" என்று கையை இழுத்தாள். அவளை நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெயரை மறுபடி எழுதினேன்.

சின்னவள்